எதனால் வந்தது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மான்கேட்டோ என்றொரு சிற்றூர். அங்கே ‘நோட்ரெ டாம் பள்ளிச் சகோதரிகள்’ சபையின் மடம் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்திவிட்டு, முதுமையில் அங்கே வந்து தங்கிய கன்னியாஸ்திரீகளைத் தேடி 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளர் போனார். நாளடைவில் அந்தச் சபையின் பல மடங்களிலிருந்தும் 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் அவருடைய ஆய்வில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்காரவும், இறந்தபின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் ஒவ்வொருவரும் சம்மதித்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஆய்வேடுகளில் சகோதரி மேரி என்று குறிக்கப்படுகிறார். பத்தொன்பது வயதில் ஆசிரியையானவர், 84 வயதுவரை ஏதேனும் ஒரு வகையில் கற்பித்துக்கொண்டிருந்தார். 101 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த சோதனையில் முப்பதுக்கு இருபத்தேழு வாங்கியிருந்தார். மூளையை எடுத்து எடை போட்டபோது 870 கிராம்தான் இருந்தது. சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அல்சைமர் நோயின் அடையாளங்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்கிற படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம். சீவலை மட்டும் பார்த்த மருத்துவர் இவரை நோயாளி என்றே எழுதியிருப்பார். உடன் வாழ்ந்தவர்களுக்கோ அவர் கடைசிவரை சகோதரி மேரிதான். 

மூளையில் நோய் இருந்தது, ஆளிடம் இல்லை. அப்படியானால் அந்தப் படிவுகள் நோயின் காரணமா, நோயின் தடமா, அல்லது நோயை எதிர்த்து உடல் போராடியதன் மிச்சமா? அல்சைமர் பற்றிய நூறாண்டு ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க எல்லாச் சண்டைகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பது தெரிகிறது.

இந்த ஆராய்ச்சி ஒரு சாயத்திலிருந்து தொடங்குகிறது. 1901 நவம்பர் 25 அன்று ஃபிராங்ஃபர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு 51 வயது. மறுநாள் அவரிடம் பேசிய அலோய்ஸ் அல்சைமர் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் எழுதிவைத்தார். உங்கள் பெயர் என்ன என்றதற்கு அகுஸ்தே என்றார். கணவர் பெயர் என்ன என்றதற்கும் அகுஸ்தே என்றே சொன்னார். பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகவும் அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அப்போது மியூனிக்குக்கு மாறிவிட்டிருந்த அல்சைமர் மூளையை வரவழைத்து, அன்று புதிதாக வந்திருந்த வெள்ளிச் சாயத்தில் சீவல்களை நனைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகள், உள்ளே கயிறுபோல் திரண்ட இழைகள். அதே ஆண்டு நவம்பரில் தியூபிங்கனில் கூடிய மனநல மருத்துவர்களிடம் இதை விவரித்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

இதே படிவுகளைப் பிராகாவில் ஓஸ்கார் ஃபிஷரும் கண்டார். 1907இல் அவர் எழுதிய கட்டுரையில், முதுமை மறதியோடு இறந்த பதினாறு பேரில் பன்னிரண்டு பேரின் மூளையில் அவை இருந்தன. அல்சைமர் பார்த்தது ஐம்பதுகளில் இருந்த பெண்ணின் மூளையை. ஃபிஷர் பார்த்தது கிழவர்களின் மூளைகளை. 1910இல் மியூனிக்கின் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் நடுவயதில் வரும் இந்த அரிய நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். ஃபிஷர் யூதர். 1942இல் தெரேசியன்ஷ்டாட்டில் நாஜிகளின் காவலில் இறந்தார். வெகுகாலம் அவரை யாரும் நினைக்கவில்லை.

இவற்றை விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. வெள்ளிச் சாயம் எதைக் கறுப்பாக்கியதோ அதுவே நோய் என்றாயிற்று. அதே மூளையில் சுருங்கிக்கிடந்த ரத்தக்குழாய்கள், கொழுப்பு ஏறிய துணைச் செல்கள், அறுந்த நரம்பிணைப்புகள் எல்லாம் பின்னுக்குப் போயின. கண்ணில் பட்டது காரணமாகவே இருக்கவேண்டும் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் பின்வந்தவர்கள் தேடியதெல்லாம் அந்தத் திசையில்தான்.

அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அல்சைமர் என்றால் அரிய நோய். வயதானவர்கள் மறந்தால் அது வெறும் மூப்பு. 1968இல் நியூகாசிலில் மூவர் கொண்ட குழு ஒன்று, முதியவர்களின் மூளையில் படிவு கூடக்கூட உயிரோடிருந்தபோது இருந்த மறதியும் கூடியிருந்தது என்று எண்ணிக்காட்டியது. 1976இல் நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் சிறியதொரு தலையங்கம் எழுதினார். ஐம்பதில் வருவதும் எண்பதில் வருவதும் ஒரே நோய்தான், இரண்டையும் சேர்த்தால் இது அமெரிக்காவின் பெரும் உயிர்க்கொல்லிகளில் ஒன்று என்பது அவர் வாதம்.

காட்ஸ்மன் செய்தது பெரிய நன்மை. மூப்பு என்று ஒதுக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் அதன்பிறகே நோயாளிகளாக மதிக்கப்பட்டார்கள். அரசு பணம் ஒதுக்கியது, ஆய்வுக்கூடங்கள் எழுந்தன, குடும்பங்கள் கூச்சமின்றிப் பேசத் தொடங்கின. ஆனால் அந்த இணைப்புக்கு ஒரு விலையும் இருந்தது என்று நான் கருதுகிறேன். எண்பது வயதில் மறதியோடு இறந்தவரின் மூளையைத் திறந்தால், அல்சைமர் விவரித்த படிவுகளோடு சிறுசிறு பக்கவாதத் தழும்புகளும், பார்க்கின்சனோடு தொடர்புள்ள லூவி உருண்டைகளும், டிடிபி-43 என்ற இன்னொரு புரதத்தின் திரளும் கலந்தே கிடக்கின்றன. தனி அல்சைமர் மட்டும் உள்ள மூளை அந்த வயதில் அபூர்வம். பல நோய்கள் கூடி வாழ்கிற மூளைக்கு ஒரே பெயர் கிடைத்தது. பெயர் ஒன்றானதும் காரணத்தையும் ஒன்றாகவே தேடினார்கள்.

முதலில் வந்த காரணம் நரம்பு வேதிப்பொருள். அசிட்டைல்கோலின் குறைந்திருப்பதை 1976 வாக்கில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கும் டொனெபெசில் அந்தக் கோட்பாட்டின் பிள்ளை. சிலருக்குச் சில காலம் உதவுகிறது. நோயின் போக்கை அது மாற்றுவதில்லை.

அடுத்து வந்ததுதான் பெரியது. 1984இல் சான் டியேகோவில் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வோங்கும் இறந்தவர்களின் மூளையுறை ரத்தக்குழாய்களில் படிந்திருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு சிறு புரதத் துண்டு. இன்று அதை பீட்டா அமிலாய்டு என்கிறோம். டௌன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் அதே துண்டு இருந்தது. 21ஆம் குரோமோசோமின் மூன்று பிரதிகளோடு பிறக்கும் அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் நாற்பது வயதுக்குள் படிவுகள் வந்துவிடும். அப்படியானால் அந்தப் புரதத்தின் மரபணு 21இல்தான் இருக்கும் என்று க்ளென்னர் ஊகித்தார். 1987இல் அங்கேயே அது கிடைத்தது. ஒரு கோட்பாடு சொன்ன இடத்தில் சொன்ன பொருள் கிடைப்பது விஞ்ஞானத்தில் அடிக்கடி நடப்பதல்ல. க்ளென்னர் 1995இல் இறந்தார். வேறொரு அமிலாய்டு புரதம் அவருடைய இதயத்தில் படிந்து அவரைக் கொன்றது.

1991இல் லண்டனில் ஜான் ஹார்டியின் குழு ஓர் ஆங்கிலக் குடும்பத்தை ஆராய்ந்தது. தன் தந்தைக்கும் அவர் உடன்பிறந்தோர் பலருக்கும் நடுவயதிலேயே மறதி வந்திருப்பதாக அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கிய தேடல் அது. அமிலாய்டின் மூலப்புரதத்தை எழுதும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் யாருக்கு இருந்ததோ அவர்களுக்கு நோய் வந்தது. 1992இல் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் கோட்பாட்டை முழு வடிவில் எழுதினார்கள். முதலில் அமிலாய்டு சேர்கிறது, அதன் விளைவாக டாவ் என்ற புரதம் நரம்பணுவுக்குள் முடிச்சாகிறது, பிறகு அணுக்கள் சாகின்றன, கடைசியில் மறதி. முதல் கல் விழுந்தால் மற்றவை தானாக விழும். இதன் அழகில் ஒரு தலைமுறையே மயங்கியது. மயங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை கோட்பாடு அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

கொலம்பியாவின் ஆன்ட்டியோக்கியா மலைகளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் பல இருக்கின்றன. நாற்பது வயதை ஒட்டி மறதி தொடங்கும், ஐம்பதுக்குள் டிமென்ஷியா என்னும் மறதிநோய் முற்றும். ஊர்க்காரர்கள் இதைப் பாதிரியார் ஒருவரின் சாபம் என்றார்கள். ஏதோ மரத்தைத் தொட்டதால் வந்தது என்றவர்களும் உண்டு. மெடெயின் நகரின் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980களில் தொடங்கி, கெரில்லாக்களும் போதைக் கும்பல்களும் ஆண்ட மலைவழிகளில் வீடு வீடாகப் போய், ரத்தம் எடுத்து, வம்சாவளி எழுதினார். ஆயிரக்கணக்கானோர் கொண்ட ஒரே பெருங்குடும்பம் அது. 14ஆம் குரோமோசோமில் உள்ள பிரெசெனிலின் மரபணுவில் ஒரு பிழை பல தலைமுறைகளாக இறங்கி வந்திருந்தது. அந்த மரபணு எழுதும் புரதத்தின் வேலைகளில் ஒன்று, மூலப்புரதத்திலிருந்து அமிலாய்டைத் துண்டித்தெடுப்பது.

நோய் வருமுன்னே அமிலாய்டைத் தடுத்துவிட்டால் என்ன? அந்தக் குடும்பத்தில் இன்னும் நலமாக இருந்த 252 பேரை வைத்து ஒரு மருந்துச் சோதனை தொடங்கியது. அதன் ஏற்பாட்டில் ஒரு கனிவு இருந்தது. மரபணுப் பிழை தனக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலோர் அறிய விரும்பவில்லை. மருந்து பிழை உள்ளவர்களுக்கு மட்டும்தான் தேவை. ஆனால் பிழை உள்ளவர்களை மட்டும் அழைத்தால் அழைப்பே தீர்ப்பாகிவிடும். அதனால் பிழை இல்லாதவர்களையும் சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டார்கள். தன் உடன்பிறந்தவர் தன் விதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதற்காக நோயற்றவரும் ஊசிக்குக் கை நீட்டினார். 2022இல் முடிவு வந்தது. மருந்துக்கும் வெற்று ஊசிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதே குடும்பத்தில் ஒரு பெண் இருந்தார். பிழை அவருக்கும் இருந்தது. நாற்பத்து நான்கில் மறந்திருக்க வேண்டியவர், எழுபதைக் கடந்தும் ஏறக்குறைய நலமாக இருந்தார். மூளையைப் படம்பிடித்தபோது குடும்பத்திலேயே மிக அதிகமான அமிலாய்டு அவரிடம்தான் இருந்தது. ஆனால் டாவ் முடிச்சுகள் மிகக் குறைவு. 2019இல் வெளியான ஆய்வு காரணத்தைத் தேடியது. அபோ-ஈ என்ற கொழுப்பு சுமக்கும் புரதத்தின் மரபணுவில், ‘கிறைஸ்ட்சர்ச்’ எனப்படும் ஓர் அரிய மாற்றம் அவருக்குத் தாய்வழியிலும் தந்தைவழியிலுமாக இரட்டையாக வந்திருந்தது. பின்னர் அதே வம்சத்தில் ஓர் ஆணும் கிடைத்தார். ரீலின் என்ற இன்னொரு புரதத்தில் மாற்றம் கொண்ட அவர், 67 வயதுவரை தெளிவாக இருந்தார். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் ஒற்றையாக இருந்தவர்களுக்கும் நோய் ஐந்தாண்டு தள்ளிப்போயிருந்தது.

சகோதரி மேரிக்கும் ஆன்ட்டியோக்கியா பெண்ணுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அமிலாய்டு நிறைந்த மூளையோடு இருவரும் நினைவோடு வாழ்ந்தார்கள். ஆகவே அமிலாய்டுக்கும் மறதிக்கும் இடையே ஏதோ ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டாமல் நோய் நோயாவதில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். நாற்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆயிரமாயிரம் அமிலாய்டு கட்டுரைகளைவிட இந்த இரு பெண்களும் அதிகம் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

படிவை அகற்றினால் போதும் என்று நம்பியவர்களுக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. அமிலாய்டுக்கு எதிரான முதல் தடுப்பூசி எலிகளில் அற்புதம் செய்தது. மனிதர்களிடம் சோதித்தபோது, ஊசி போட்ட முந்நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு மூளை அழற்சி வந்து 2002இல் நிறுத்தப்பட்டது. அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் பிற்பாடு இறந்தார்கள், மூளைகள் பரிசோதிக்கப்பட்டன. 2008இல் வந்த அறிக்கை இன்றும் படிக்கக் கனக்கிறது. படிவுகள் ஏறத்தாழ முற்றாகத் துடைக்கப்பட்டிருந்தவர்களும் முற்றிய டிமென்ஷியாவிலேயே இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் மருந்துகள் வரிசையாக வந்து வரிசையாகத் தோற்றன. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே விளக்கம்: தாமதமாகத் தொடங்கிவிட்டோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தோல்வியாலும் தளராத கோட்பாட்டைச் சோதிப்பது எப்படி என்ற கவலையும் நியாயமானதுதான்.

2006இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, அமிலாய்டின் குறிப்பிட்டதொரு திரள்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது. அதன் படங்கள் திருத்தப்பட்டவை என்று மேத்யூ ஷ்ராக் என்ற இளம் நரம்பியல் மருத்துவர் 2022இல் சுட்டிக்காட்டினார். 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அமிலாய்டு கோட்பாடே மோசடி என்று சிலர் எழுதினார்கள். அது அநியாயம். ஆங்கிலக் குடும்பமும், ஆன்ட்டியோக்கியாவும், டௌன் சிண்ட்ரோமும் அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை. 2012இல் ஐஸ்லாந்தில் கண்டறிந்த ஒரு மரபணு மாற்றம் அமிலாய்டு உற்பத்தியைக் குறைத்து, முதுமையிலும் நோயிலிருந்து காக்கிறது. அதுவும் நிற்கிறது. அமிலாய்டுக்கு இந்த நோயில் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. முதியவர்கள் எல்லோரிடமும் முதல் கல்லும் முழுக் காரணமும் அதுவே என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்ற மருந்து படிவுகளை நன்றாகவே அகற்றுகிறது. 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் நடந்த சோதனையில் நோய் மோசமாகும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. அளவுகோலில் அது 18 புள்ளிக்கு 0.45 புள்ளி. சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. முதன்முறையாக ஒரு மருந்து நோயின் போக்கைத் தொட்டது என்று மகிழ்ந்தவர்களும் சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது என்றவர்களும் சரி, சொன்னது இதே எண்ணைப் பார்த்துத்தான்.

அமிலாய்டுக்கும் மறதிக்கும் இடையிலான அந்த நடுப்படி எது என்ற கேள்விக்குச் சிலர் டாவ் என்கிறார்கள். ஹைக்கோ, ஈவா பிராக் தம்பதியர் 1991இல் காட்டியபடி, முடிச்சுகள் பரவும் பாதையும் மறதி வளரும் பாதையும் நெருங்கிப் பொருந்துகின்றன. வேறு சிலர் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவைச் சொல்கிறார்கள். அந்தச் செல்களில் இயங்கும் டிரெம்-2 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் நோய்வாய்ப்பை ஏறக்குறைய மும்மடங்காக்கும் என்று 2013 வாக்கில் தெரிந்தது. இன்னொரு பாதை கிருமிகள். மான்செஸ்டரின் ரூத் இட்ஸாக்கி, வாயோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பீஸ் கிருமியின் டிஎன்ஏ முதியவர் மூளையில் இருப்பதை 1991இல் காட்டினார். பல்லாண்டு அவரைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஹார்வர்டில் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்ஸியும் 2010இல் வெளியிட்ட ஆய்வு திகைக்கவைத்தது. அமிலாய்டு கிருமிகளைக் கொல்லும். அது குப்பை அல்ல, உடலின் பழைய ஆயுதங்களுள் ஒன்றாக இருக்கலாம்.

இந்தப் பாதைக்கு எதிர்பாராத ஒரு சாட்சி வேல்ஸிலிருந்து வந்தது. 2013 செப்டம்பர் 1 முதல் அங்கே அக்கிக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வோமே, அதே அக்கி. சிறுவயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து முதுமையில் மீண்டும் கிளம்புவது. மருந்து குறைவு என்பதால் அரசு ஒரு கோடு கிழித்தது. 1933 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு. அதற்கு ஒரு நாள் முன்பு பிறந்திருந்தாலும் என்றைக்கும் இல்லை. கோட்டின் இருபுறமும் சில வார வயது வேறுபாட்டில் பிறந்தவர்கள் உணவிலும் படிப்பிலும் பழக்கத்திலும் வேறுபட வழியில்லை. கோடு மட்டும்தான் வேறுபாடு. ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு அந்தக் கோட்டைப் பயன்படுத்தி ஏழு ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டது. 2025 ஏப்ரலில் வெளியான முடிவின்படி, தடுப்பூசி போட்டவர்களிடம் புதிதாக டிமென்ஷியா வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பயன் கூடுதல். கிருமி அடங்கியதாலா, நோயெதிர்ப்பு விழித்ததாலா என்பது தெரியவில்லை. டிமென்ஷியாவுக்காகச் செய்யப்படாத மலிவான ஒரு தடுப்பூசி, பல்லாயிரம் கோடி செலவழித்த மருந்துகளால் முடியாததைச் செய்திருக்கலாம் என்ற சாத்தியமே என்னை உலுக்குகிறது. முறையான சோதனை ஒன்று நடந்தாகவேண்டும்.

பாளையங்கோட்டையில் என் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எதனால் வந்தது? மருத்துவர் வயதாகிவிட்டது என்றார். அது பதிலாக யாருக்கும் படவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். மாமா, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததால் என்று சொல்லி எல்லாவற்றையும் எவர்சில்வராக மாற்றச் சொன்னார். அலுமினியக் கோட்பாடு 1960களில் முயல் மூளைகளில் செய்த சோதனைகளிலிருந்து பிறந்தது. பின்வந்த ஆய்வுகளில் அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் சமையலறைகளில் அது சாகவில்லை. பெரியம்மாவின் மகள், என் அக்கா, வேறொன்று சொன்னாள்: “அம்மையத் தனியா விட்டுட்டேம்லா, அதான் இப்படி ஆயிட்டு.” பெரியப்பா போனபின் பெரியம்மா அந்தப் பெரிய வீட்டில் ஒற்றையாக இருந்தாள். சர்க்கரை இருந்தது. காது கேட்கவில்லை. மிஷின் வாங்கிக்கொடுத்தும் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவைக் கூட்டும் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை, சர்க்கரை, தனிமை, ரத்தக்கொதிப்பு, தலைக்காயம், கெட்ட கொழுப்பு, காற்று மாசு, இளமையில் படிப்பின்மை எல்லாம் அதில் உண்டு. இவற்றை முற்றாக நீக்கினால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பட்டியலைப் படித்தபோது என் மனம் அக்காவிடம்தான் போயிற்று. அவள் சொன்ன காரணம் அதில் இருக்கிறது. அது அவள் கையில் கிடைத்தால் தன் குற்றத்துக்குச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்வாள்.

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் உட்கார்ந்து விளக்கினேன். மக்கள்தொகைக்குச் சொல்லப்படும் காரணம் வேறு, ஒரு மனுஷிக்குச் சொல்லப்படும் காரணம் வேறு. லட்சம் பேரில் தனிமை எத்தனை பேருக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்று கணக்கிடலாம். அந்த லட்சத்தில் பெரியம்மா எந்தப் பக்கம் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. தனியே இருந்து தொண்ணூறிலும் தெளிவாகப் பேசும் கிழவிகள் எத்தனை பேர். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அமிலாய்டு சேர்வது மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அக்கா வேலைக்காகச் சென்னைக்குப் போனபோது பெரியம்மாவின் மூளையில் அது ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும். பெரியம்மா தன்னை ஒதுக்கிக்கொண்டதும் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதும் நோயின் காரணமா, நோயின் முதல் அறிகுறியா என்பதை ஆய்வாளர்களே பிரித்தறிய முடியாமல் திணறுகிறார்கள். அக்கா கேட்டுக்கொண்டாள். முழுதும் நம்பினாளா என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்கிற மகள்கள் மேல் இந்தப் பட்டியல்கள் ஏற்றும் பாரத்தைப் பற்றிப் பட்டியல் எழுதுபவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்கவேண்டும்.

இந்தக் கோட்பாடுகள் எல்லாம் யாருடைய உடலிலிருந்து வந்தன என்று திரும்பிப் பார்க்கிறேன். ஃபிராங்ஃபர்ட் பெண், அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள், கொலம்பிய மலைக்குடும்பம், வேல்ஸ் முதியவர்கள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒரே காரணம்தானா? ஹரியானாவின் பல்லப்கட் பகுதிக் கிராமங்களில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, அல்சைமர் புதிதாக வரும் விகிதம் அங்கே அதுவரை உலகில் பதிவானவற்றிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்றது. அபோ-ஈ மரபணுவின் நான்காம் வகை, அதாவது நோய்வாய்ப்பைப் பெருமளவு கூட்டும் வகை, அங்கே குறைவு. அதனாலா, உழைப்பினாலா, உணவினாலா, நோயோடு நெடுநாள் வாழாமல் சீக்கிரம் இறந்துவிடுவதாலா என்பது முடிவாகவில்லை.

உலக டிமென்ஷியா ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட, நோயாளிகளில் மூன்றில் இருவர் வாழும் ஏழைநாடுகளுக்குச் செலவாகவில்லை என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு 10/66 என்ற ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் உருவானது. சென்னையிலும் வேலூரிலும் அது வீடு வீடாகப் போய்க் கேட்டது. எண்ணிக்கையும் பராமரிப்பின் சுமையும் அதனால் தெரியவந்தன. காரணம் தெரியவேண்டுமென்றால் அதோடு மூளையும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் ஒரு மூளை வங்கி இருக்கிறது. உறுப்புதானத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டில், மறதியோடு இறந்தவரின் மூளையைக் கொடுக்கலாம் என்ற பேச்சு அநேகமாக எந்த வீட்டிலும் எழுவதில்லை. லோபெரா 2024 செப்டம்பரில் இறந்தார். சாபம் என்று நம்பிக்கொண்டிருந்த குடும்பங்களோடு நாற்பது ஆண்டு உட்கார்ந்து பேசியதால், மெடெயினில் அவர் ஏற்படுத்திய வங்கிக்கு நூற்றுக்கணக்கான மூளைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தப் பேச்சை இங்கே தொடங்க வேண்டியவர்கள் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்களும், எதனால் வந்தது என்று கேட்கிற எங்களைப்போன்ற வீட்டாரும்தான்.